லண்டன்–நியூயார்க்: வான்வழித் தூரத்தையும் பறக்கும் நேரத்தையும் நானே அளந்து பார்த்த பதிவு

லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் நடுவே வான்வழித் தூரம் எவ்வளவு என்று தேடினால் மூன்று விடைகள் கிடைக்கின்றன: 5,540, 5,555, 5,570 கிலோமீட்டர். 30 கி.மீ. வித்தியாசம் விமானத்துக்கு இரண்டு நிமிடப் பறத்தல்தான். ஆனாலும் இரண்டு ஊரும் இருந்த இடத்திலேயே இருக்கும்போது தூரம் மட்டும் எப்படி மூன்றாகும் என்ற கேள்வி என்னை விடவில்லை. எவர் சொன்ன எண்ணையும் எடுத்துக்கொள்ளாமல், கையில் இருப்பதை வைத்து முதலிலிருந்து அளந்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். தூரம் கிடைத்துவிட்டால் நேரம் ஒரு வகுத்தல் கணக்குதானே என்றும் நினைத்தேன். தூரத்துக்கு நான்கு மாலைகள் போதுமாக இருந்தன. நேரத்துக்குப் பல மாதங்கள் ஆயின.

கருவிகளைச் சொல்லிவிடுகிறேன். 80 செ.மீ. அகலமுள்ள ஒரு சுவர் வரைபடம், 30 செ.மீ. விட்டமுள்ள ஓர் உலக உருண்டை, 30 செ.மீ. ஸ்கேல், கம்பளி நூல், தையல் நூல், ஒரு வெள்ளைத் தாள், கணினியில் ஒரு விரிதாள். எதையும் புதிதாக வாங்கவில்லை. செலவானது நேரம் மட்டுமே.

முதலில் சுவர் வரைபடம். அதில் நிலநடுக்கோடு முழுவதும் 80 செ.மீ. வருகிறது. பூமியின் சுற்றளவு அங்கே 40,075 கி.மீ., ஆகவே 1 செ.மீ.க்குச் சுமார் 500 கி.மீ. ஸ்கேலை இரண்டு ஊர்ப் புள்ளிகளுக்கும் நடுவே வைத்தேன். 16.6 செ.மீ. பெருக்கினால் 8,300 கி.மீ. கிடைத்தது. மூன்று முறை வைத்துப் பார்த்தும் அதேதான்.

தப்பு ஸ்கேலில் இல்லை. வரைபடத்தின் மூலையில் மிகச் சிறிய எழுத்தில், இந்த அளவை நிலநடுக்கோட்டுக்கு மட்டுமே பொருந்தும் என்று போட்டிருக்கிறார்கள். அது மெர்கேட்டர் வரைபடம். துருவத்தை நோக்கிப் போகப் போக நிலம் இழுபட்டுப் பெரிதாகும். லண்டன் இருக்கும் அட்சரேகையில் 1 செ.மீ. என்பது 311 கி.மீ.தான், நியூயார்க் பக்கம் 379 கி.மீ. சரி, இரண்டுக்கும் நடுவே 46 பாகை அட்சரேகையை எடுத்து, அங்குள்ள அளவான 347 கி.மீ.யால் பெருக்கினேன். 5,760 வந்தது. பக்கத்தில் வந்தாயிற்று, ஆனால் இன்னும் 200 கி.மீ. அதிகம்.

அந்த 200 கி.மீ. எங்கிருந்து வருகிறது என்பதை வரைபடத்தை எத்தனை நேரம் பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாது. அங்கே ஸ்கேல் போட்ட நேர்கோடு பூமியின் மேல் நேர்கோடு இல்லை. திசைகாட்டியை ஒரே கோணத்தில் வைத்துக்கொண்டு போனால் கிடைக்கும் வளைந்த பாதை அது. உருண்டையை எடுத்த பிறகுதான் இது கண்ணுக்குத் தெரிந்தது.

உருண்டையில் முதல் வேலை, அதன் அளவையைக் கண்டுபிடிப்பது. பெட்டியில் போட்டிருந்த விட்டத்தை நம்பாமல் நிலநடுக்கோட்டைச் சுற்றி நூல் கட்டி அளந்தேன்: 94.2 செ.மீ. ஆகவே 1 செ.மீ.க்கு 425 கி.மீ., 1 மி.மீ.க்கு 42 கி.மீ. இந்தக் கடைசி எண்ணைத் தாளில் பெரிதாக எழுதி ஒட்டி வைத்தேன். ஸ்கேலில் அரை மி.மீ. தவறிப் பார்த்தால் 21 கி.மீ. தவறும் என்பது நினைவில் இருக்க வேண்டும்.

கம்பளி நூலில் 12.7 செ.மீ. வந்தது, அதாவது 5,400 கி.மீ. உருண்டையின் மேல் இழுத்துப் பிடிக்கும்போது கம்பளி நீள்கிறது. ஸ்கேலுக்கு வந்ததும் சுருங்கிக்கொள்கிறது. அதைத் தூக்கி வைத்துவிட்டுத் தையல் நூலை எடுத்தேன். 13.2, 12.9, 13.1. நூல் நீளவில்லை, ஆனால் வழவழப்பான பரப்பில் விரல் கொஞ்சம் அசைந்தாலும் வழுக்கியது. மூன்று அளவுக்கும் நடுவே 130 கி.மீ. இடைவெளி.

பிறகு தாளை நீளவாக்கில் 5 மி.மீ. அகலத்துக்கு ஒரு பட்டையாக வெட்டினேன். இந்த முழு வேலையிலும் எனக்கு மிகவும் பிடித்த கருவி இந்தத் தாள்பட்டைதான். ஒரு முனையை லண்டன் புள்ளியில் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு, பட்டையை அட்லாண்டிக்கின் மேல் படியவிட்டேன். வரைபடத்தில் பார்த்த பழக்கத்தில் அதை நேராக மேற்கே கொண்டுபோகப் பார்த்தால் ஒரு ஓரம் மேலே தூக்கிக்கொள்கிறது, மற்ற ஓரம் சுருங்கி மடிகிறது. தாள் மேலும் கீழும் வளையும், பக்கவாட்டில் வளையாது. இரண்டு ஓரமும் ஒட்டிப் படியும்படி விட்டால் அது தானாக ஒரே ஒரு வழியில்தான் போகிறது. லண்டனிலிருந்து சற்று வடக்காக ஏறி, அயர்லாந்தைக் கடந்து, நடுக்கடலில் 53 பாகையைத் தாண்டிவிட்டு, பிறகு இறங்கி, நியூஃபவுண்ட்லாந்து தீவின் மேலாகப் போய் நியூயார்க்கில் முடிகிறது. அதுதான் பெருவட்டப் பாதை. உருண்டையின் மேல் அதைவிடக் குறுகிய வழி கிடையாது. சூத்திரம் எதுவும் தெரியாத ஒரு தாள்துண்டு அதைக் கண்டுபிடித்துக் காட்டியபோது சற்று நேரம் கையை எடுக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

நியூயார்க் புள்ளி வந்த இடத்தில் கூரான பென்சிலால் கோடு போட்டு, பட்டையை எடுத்து ஸ்கேலில் வைத்தேன். 13.1, 13.0, 13.1. சராசரிக்குச் சுமார் 5,560 கி.மீ., கூடக் குறைய 20. இணையத்தில் கிடைத்த மூன்று எண்களும் இதன் பக்கத்திலேயே விழுகின்றன. உருண்டையால் இதற்கு மேல் பிரித்துச் சொல்ல முடியாது. இதைச் செய்து பார்ப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பல உருண்டைகள் இரண்டு அரைக்கோளங்களாகச் செய்து நிலநடுக்கோட்டில் ஒட்டப்பட்டவை. ஒட்டு சற்று விலகியிருந்தால் அதைக் கடந்து போகும் அளவுகள் கெடும். என் இரண்டு ஊரும் வட அரைக்கோளத்தில் இருந்ததால் தப்பித்தேன்.

அடுத்தது விரிதாள். ஹாவர்சைன் என்ற பழைய சூத்திரத்தை எடுத்துக்கொண்டேன். இரண்டு அட்சரேகைகளின் வித்தியாசத்தில் பாதிக்கு சைன் கண்டு, அதைத் தன்னாலேயே பெருக்க வேண்டும். தீர்க்கரேகை வித்தியாசத்துக்கும் அதையே செய்து, அதை இரண்டு அட்சரேகைகளின் கோசைன்களாலும் பெருக்கி, முன்னதோடு கூட்ட வேண்டும். வந்ததன் வர்க்கமூலத்துக்கு ஆர்க்சைன் கண்டு இரட்டித்து, பூமியின் சராசரி ஆரமான 6,371 கி.மீ.யால் பெருக்கினால் தூரம். ஊர் என்று பொதுவாகப் போடாமல் விமான நிலையத்தை எடுத்தேன். லண்டன் ஹீத்ரோ வடக்கு 51.4775, மேற்கு 0.4614. நியூயார்க் ஜேஎஃப்கே வடக்கு 40.6397, மேற்கு 73.7789.

முதல் விடை 7,697 கி.மீ. உருண்டையை முதலில் அளந்திராவிட்டால் இதை நம்பியிருப்பேன், ஏனென்றால் பார்க்க எந்தக் குறையும் இல்லாத எண். விரிதாள் கோணங்களைப் பாகையாக எடுத்துக்கொள்ளாது, ரேடியன் என்ற அலகில்தான் (முழு வட்டம் சுமார் 6.28 ரேடியன்) எடுத்துக்கொள்ளும். 51.4775 என்று நான் எழுதியதை அது 51 ரேடியன் என்று படித்து, வட்டத்தை எட்டு முறை சுற்றிவிட்டு வந்து பதில் சொல்லியிருக்கிறது. பாகையை ரேடியனாக மாற்றும் செயற்கூற்றை எல்லாக் கோணங்களுக்கும் போட்டேன்.

அத்தோடு இன்னொன்றையும் மாற்றினேன். இணையத்தில் கிடைத்த ஒரு நிரலில் ஆர்க்சைனுக்குப் பதில் கோணம் காணும் ஏடேன்2 (ATAN2) என்ற செயற்கூறு இருந்தது. அது பாதுகாப்பானது என்று படித்ததால் அப்படியே எடுத்துப் போட்டேன். விடை 14,476 கி.மீ. இரண்டு மாற்றங்களை ஒரே நேரத்தில் செய்ததால் எது கெடுத்தது என்று கண்டுபிடிக்க ஒரு மணி நேரம் ஆனது. தாளில் எழுதிக் கூட்டிக் கழித்துக்கொண்டிருந்தபோது, பூமியின் அரைச் சுற்றான 20,015-இலிருந்து 14,476-ஐக் கழித்தேன். 5,539. காரணம் உடனே புரிந்துவிட்டது. நிரல்மொழிகளில் அந்தச் செயற்கூற்றுக்கு முதலில் செங்குத்து மதிப்பையும் பிறகு கிடைமட்ட மதிப்பையும் தர வேண்டும். விரிதாளில் வரிசை தலைகீழ். மாற்றித் தந்ததால், நியூயார்க்குக்குப் பதில் பூமியின் மறுபக்கத்தில் நியூயார்க்குக்கு நேர் எதிரே உள்ள புள்ளிக்குத் தூரம் கேட்டிருக்கிறேன். வரிசையை மாற்றினேன், 5,539 வந்து நின்றது.

வேலை முடிந்தது என்று நினைத்து, வேறு ஊர்களையும் போட்டுப் பார்க்கலாம் என்று டோக்கியோ நரிட்டாவையும் லாஸ் ஏஞ்சலஸையும் எழுதினேன். 2,011 கி.மீ. என்று வந்தது. பசிபிக் பெருங்கடலை 2,000 கி.மீ.யில் கடந்துவிட முடியாது. பிழை, மேற்குத் தீர்க்கரேகைக்குக் கழித்தல் குறி போடாததுதான். லாஸ் ஏஞ்சலஸ் மேற்கு 118.408, நான் வெறும் 118.408 என்று எழுதியதால் அதைக் கிழக்கில், ஆசியாவிலேயே கொண்டுபோய் வைத்துவிட்டது. குறியைப் போட்டதும் 8,754 கி.மீ. ஆனது.

இதில் எனக்குப் பெரிதாகப் பட்டது வேறு விஷயம். லண்டன் வரிசையில் எப்போதாவது குறியை விட்டிருந்தேனா என்று பழைய பிரதிகளைத் திறந்து பார்த்தேன். ஒரு பிரதியில் நியூயார்க்குக்கு மட்டும் குறி விட்டிருந்தது, விடை 5,600. வெறும் 61 கி.மீ. தவறு. லண்டன் கிட்டத்தட்ட பூஜ்யத் தீர்க்கரேகையின் மேலேயே இருப்பதால் நியூயார்க் கிழக்கே போனாலும் மேற்கே போனாலும் தூரம் ஏறக்குறைய ஒன்றுதான். பிழையை மறைத்துவிடும் ஜோடியைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு அதை வைத்தே சூத்திரத்தைச் சோதித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

அன்றிரவே விரிதாளின் மேலே மூன்று சோதனை வரிசைகளைச் சேர்த்தேன். விடை முன்பே தெரிந்தவை. நிலநடுக்கோட்டில் ஒரு பாகை: 111.19 கி.மீ. வர வேண்டும். நிலநடுக்கோட்டிலிருந்து வட துருவம்: 10,008 கி.மீ. நிலநடுக்கோட்டில் 180 பாகை: 20,015 கி.மீ. இந்த மூன்றும் சரியாக வராதவரை கீழே எந்த ஊரையும் பார்ப்பதில்லை. இந்த வரிசைகளை முதல் நாளே போட்டிருந்தால் ரேடியன் பிழையும் ஏடேன்2 பிழையும் ஐந்தே நிமிடத்தில் தெரிந்திருக்கும். பாகை, கலை (பாகையில் அறுபதில் ஒரு பங்கு) என்று எழுதப்பட்ட இடங்களை எடுக்கும்போதும் கவனம் தேவை. 40 பாகை 38 கலை என்பதை 40.38 என்று எழுதக் கூடாது, 38-ஐ 60-ஆல் வகுத்து 40.633 என்று எழுத வேண்டும். இந்த ஒரு தவறுக்கே 28 கி.மீ. போய்விடும்.

இனி அந்த மூன்று எண்களுக்கு வருவோம். 5,539 என்பது விமான நிலையத்திலிருந்து விமான நிலையத்துக்கு, பூமியைச் சரியான கோளமாக வைத்து. நகரங்களின் மையப் புள்ளிகளைப் போட்டதும் 5,570 கிடைத்தது. இரண்டு விமான நிலையங்களும் நகர மையங்களிலிருந்து ஒன்றையொன்று நோக்கி உள்ளே இருக்கின்றன, ஹீத்ரோ லண்டனுக்கு மேற்கே, ஜேஎஃப்கே நியூயார்க்குக்குக் கிழக்கே. இரண்டு பக்கமும் சேர்ந்து 30 கி.மீ. குறைகிறது. 5,555 மட்டும் மிச்சம்.

பூமி சற்றுத் தட்டையானது. ஜிபிஎஸ் பயன்படுத்தும் டபிள்யூஜிஎஸ்-84 வடிவத்தில் நிலநடுக்கோட்டு ஆரம் 6,378.137 கி.மீ., துருவ ஆரம் 6,356.752 கி.மீ. இதை வைத்துக் கணக்கிட விரிதாளில் மல்லுக்கட்டாமல் பைத்தான் நிரல்மொழியில் ஜியோபை என்ற நிரல் நூலகத்தை எடுத்தேன். அதே விமான நிலையங்கள், அதே எண்கள், இரண்டே வரி நிரல். 5,555 கி.மீ. கிடைத்தது. கோளக் கணக்கைவிட 15 கி.மீ. அதிகம், அதாவது 0.3 சதவீதத்துக்கும் குறைவு. ஆக மூன்று எண்களும் சரிதான், மூன்றும் வெவ்வேறு கேள்விகளுக்கான விடைகள். யாராவது தூரம் கேட்டால் இப்போதெல்லாம் எங்கிருந்து எங்கே என்று முதலில் திருப்பிக் கேட்கிறேன்.

இனி நேரம். 5,555-ஐ 900-ஆல் வகுத்தால் 6 மணி 10 நிமிடம். அந்த 900-ஐயும் சும்மா எடுக்கவில்லை. 11 கி.மீ. உயரத்தில் வெப்பநிலை மைனஸ் 56 பாகையை ஒட்டி இருக்கும்போது ஒலியின் வேகம் மணிக்குச் சுமார் 1,062 கி.மீ. நீள்தூர விமானங்கள் மேக் 0.85-ஐ (ஒலியின் வேகத்தில் 0.85 பங்கு) ஒட்டிப் பறக்கின்றன, அதாவது 903 கி.மீ. கணக்கு கச்சிதமாக இருந்தது. ஆனால் அட்டவணையில் லண்டனிலிருந்து போக 8 மணி, திரும்பி வரச் சுமார் 7 மணி என்று இருக்கிறது. என் எண் இரண்டிலும் ஒட்டவில்லை.

சரி, உண்மையான பறத்தல்களைக் குறித்து வைத்துப் பார்ப்போம் என்று தொடங்கினேன். விமானங்கள் தங்கள் இடத்தையும் வேகத்தையும் தாமே ஒலிபரப்புகின்றன. அதை வாங்கிக் காட்டும் கண்காணிப்புத் தளங்களிலிருந்து ஒவ்வொரு திசைக்கும் இருபது பறத்தல்களை எடுத்துக்கொண்டேன். விமான நிலையக் கேட்டை (பயணிகள் ஏறி இறங்கும் வாயிலை) விட்ட நேரம், தரையை விட்டெழுந்த நேரம், தரை தொட்ட நேரம், கேட்டை அடைந்த நேரம் என்று நான்கு பத்திகள். தொடக்கத்தில் இரண்டே பத்திகள்தான் வைத்திருந்தேன், கிளம்பியது, சேர்ந்தது என்று. சில நாட்களுக்குக் கேட் நேரமும் சில நாட்களுக்கு ஓடுபாதை நேரமும் அதில் கலந்துவிட்டன. முதல் ஆறு வரிசைகளை அழித்துவிட்டு மறுபடி எடுக்க வேண்டியதாயிற்று.

நேரத்தை அந்தந்த ஊர் நேரத்தில் எழுதியது அடுத்த தவறு. லண்டனில் 10:00-க்குக் கிளம்பி நியூயார்க்கில் 13:00-க்குச் சேர்ந்தால் கழித்தலுக்கு 3 மணி வரும், 5 மணி நேர வித்தியாசத்தைக் கூட்டி 8 மணி. எல்லா வரிசைக்கும் 5 என்று போட்டுவிட்டேன். மார்ச் மாத நடுவில் எடுத்த வரிசைகள் மட்டும் மேற்கே போக ஒரு மணி நேரம் அதிகமாகவும், கிழக்கே வர ஒரு மணி நேரம் குறைவாகவும் காட்டின. காற்றுதான் காரணம் என்று நினைத்து ஒரு வாரம் காற்று வரைபடங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எத்தனை பலமான காற்றாக இருந்தாலும் எல்லாப் பறத்தல்களையும் மிகச் சரியாக 60 நிமிடம் தள்ளாதே என்று பிறகுதான் உறைத்தது. அமெரிக்கா மார்ச் இரண்டாவது ஞாயிறு கடிகாரத்தை முன்னே தள்ளுகிறது, பிரிட்டன் மார்ச் கடைசி ஞாயிறு. நடுவே உள்ள அந்த வாரங்களில் வித்தியாசம் 5 மணி இல்லை, 4 மணிதான். அக்டோபர் கடைசி ஞாயிற்றிலிருந்து நவம்பர் முதல் ஞாயிறு வரையும் இதே கதை. எல்லா நேரத்தையும் யுடிசி என்ற உலகப் பொது நேரத்துக்கு மாற்றி எழுதினேன். ஒரு மாலை முழுவதும் போனது, ஆனால் அதற்கப்புறம் அந்தப் பக்கத்திலிருந்து ஒரு தொந்தரவும் இல்லை.

டோக்கியோ–லாஸ் ஏஞ்சலஸ் வரிசைகளில் இது இன்னும் விசித்திரமாக இருக்கும். மாலை 17:00-க்குக் கிளம்பிய விமானம் அதே தேதியில் காலை 10:00-க்குப் போய்ச் சேரும். உள்ளூர் நேரத்தில் கழித்தால் மைனஸ் 7. யுடிசியில் எழுதினால் 10 மணி நேரம் என்று நேராகவே தெரிகிறது.

அப்புறம் உண்மையில் பறந்த தூரம். சில பறத்தல்களுக்குப் பாதைக் கோப்பைத் தரவிறக்கி, அடுத்தடுத்த புள்ளிகளுக்கு நடுவே உள்ள தூரங்களைக் கூட்டினேன். முதல் கோப்பிலேயே 8,100 கி.மீ.க்கும் மேல் வந்தது. கேஎம்எல் என்ற அந்த வகைப் பாதைக் கோப்பில் தீர்க்கரேகை முதலில், அட்சரேகை பிறகு. நான் நேர்மாறாகப் படித்திருந்தேன். திருத்திய பிறகும் ஒரு விஷயம் உறுத்தியது: நடுக்கடலில் அந்த ஒலிபரப்பை வாங்கும் தரைக் கருவிகள் இல்லாததால் புள்ளிகளுக்கு நடுவே பெரிய இடைவெளிகள். அங்கே இரண்டு ஓரப் புள்ளிகளையும் நேராக இணைத்தால் தூரம் குறைவாகவே வரும். ஆகவே இடைவெளி அதிகமிருந்த கோப்புகளைத் தள்ளிவிட்டேன். மிஞ்சியவற்றில் பெரும்பாலானவை 5,650-க்கும் 5,800-க்கும் நடுவே இருந்தன. பெருவட்டத்தைவிட 3 சதவீதம் கூடுதல் என்று வைத்துக்கொண்டேன்.

அந்த 3 சதவீதம் வீண் அலைச்சல் இல்லை. வட அட்லாண்டிக்கின் மேல் விமானப் பாதைகள் அன்றன்றைய காற்றைப் பார்த்து நாளுக்கு இரண்டு முறை வகுக்கப்படுகின்றன, பகலில் மேற்கு நோக்கிப் போகிறவர்களுக்கும் இரவில் கிழக்கு நோக்கி வருகிறவர்களுக்கும். மேலே மேற்கிலிருந்து கிழக்காக ஜெட் காற்றோட்டம் ஓடுகிறது. வரும்போது அதில் ஏறிக்கொள்வதற்காகவும் போகும்போது அதிலிருந்து விலகுவதற்காகவும் சற்றுச் சுற்றினாலும் நேரம் மிச்சம். உயரத்துக்கான கூடுதல் மிகச் சிறியது. 11 கி.மீ. மேலே பறப்பதால் பாதை 0.17 சதவீதம் நீளும், இந்தத் தூரத்துக்கு 10 கி.மீ.கூட இல்லை.

இவ்வளவையும் சேர்த்து என் கணக்கு இப்படி நின்றது. 5,555-உடன் 3 சதவீதம் சேர்த்து 5,722 கி.மீ. விமானம் ஏறும்போதும் இறங்கும்போதும் முழு வேகத்தில் போகாது, அதற்கு 18 நிமிடம். தரையில் நகர்வதற்கு இரண்டு முனையும் சேர்த்து 30 நிமிடம். இது நாளுக்கு நாள் மிகவும் மாறுகிறது, என் வரிசைகளில் கிளம்பும் பக்கம் 15-இலிருந்து 30 நிமிடம் வரை இருந்தது. காற்றுக்கு மணிக்கு 70 கி.மீ., மேற்கே போக எதிராக, கிழக்கே வர ஆதரவாக. மேற்கே: 5,722-ஐ 830-ஆல் வகுத்து 6 மணி 54 நிமிடம், கூட்டினால் 7 மணி 42 நிமிடம். கிழக்கே: 970-ஆல் வகுத்து 5 மணி 54 நிமிடம், கூட்டினால் 6 மணி 42 நிமிடம். அட்டவணை இதைவிடக் கால் மணி நேரம் தாராளமாக இருக்கிறது. தாமதத்துக்கு இடம் விட்டுத்தான் அட்டவணை போடுகிறார்கள், ஆகவே அது என் பிழை இல்லை என்று எடுத்துக்கொண்டேன்.

போக எதிர்த்த காற்று வர உதவுவதால் போகவர மொத்தத்தில் காற்று கழிந்துவிடும் என்று நினைத்திருந்தேன். கழியவில்லை. காற்றில்லாமல் பறப்பு மட்டும் 12 மணி 43 நிமிடம், காற்றோடு 12 மணி 48 நிமிடம். எதிர்க்காற்றில் அதிக நேரம் இருக்கிறோம், அதனால் அந்தப் பக்கமே தட்டு தாழ்கிறது.

சராசரி என்பது சராசரிதான். 2020 பிப்ரவரியில், கியாரா புயலின் நேரத்தில், ஒரு போயிங் 747 நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 4 மணி 56 நிமிடத்தில் வந்தது. 5,555-ஐ வகுத்தால் தரையைப் பொறுத்து மணிக்குச் சராசரியாக 1,126 கி.மீ. காற்றினூடே அதன் வேகம் வழக்கமான 900-ஐ ஒட்டியதுதான், மிச்சம் 200-க்கும் மேல் பின்னாலிருந்து தள்ளிய காற்று. என் 70-ஐ அந்த வரிசையில் போட்டால் ஒரு மணி நேரத்துக்கும் மேல் தள்ளிப் போகிறது.

டோக்கியோ–லாஸ் ஏஞ்சலஸுக்கு இதே கணக்கைப் போட்டேன். கிழக்கே 10 மணி 6 நிமிடம், மேற்கே 11 மணி 40 நிமிடம். நான் குறித்து வைத்திருந்த சில வரிசைகளோடு கால் மணி நேரத்துக்குள் ஒத்துப்போனது. அடுத்ததாக ஹெல்சிங்கி–டோக்கியோ. 7,830 கி.மீ., காற்றை விட்டுவிட்டு 9 மணி 46 நிமிடம். ஆனால் இப்போது அந்தப் பயணத்துக்குச் சுமார் 13 மணி நேரம். மூன்று மணி நேரத்துக்கு மேல் பிசகு.

சோதனை வரிசைகள் மூன்றும் சரி. குறிகள் சரி. யுடிசி சரி. கடைசியில் தாள்பட்டையை எடுத்து உருண்டையின் மேல் படியவிட்டேன், ஹெல்சிங்கியிலிருந்து டோக்கியோ வரை. பட்டை கிட்டத்தட்ட முழுவதும் ரஷ்யாவின் மேல் படுத்திருந்தது. 2022 பிப்ரவரி இறுதியிலிருந்து ஐரோப்பிய விமானங்களுக்கு அந்த வான்வெளி மூடப்பட்டுவிட்டது. அதற்கு முன்பு இந்தப் பயணம் ஒன்பதரை மணி நேரத்தை ஒட்டித்தான் இருந்தது, என் கணக்கு அந்தப் பழைய வழிக்குச் சரியான கணக்கு.

அடுத்த முறை தொடங்கினால் சோதனை வரிசைகளை முதலில் போடுவேன், யுடிசியைத் தவிர வேறு நேரத்தை எழுதமாட்டேன், ஒரு நேரத்தில் ஒரு மாற்றத்துக்கு மேல் செய்யமாட்டேன். காற்றுக்கு ஒரே எண்ணை வைக்காமல் குளிர்காலம், கோடைக்காலம் என்று பிரித்து எடுப்பேன், குளிர்காலத்தில் ஜெட் காற்றோட்டம் பலமாக இருப்பது என் வரிசைகளிலேயே தெரிகிறது. இரண்டு ஊர்களுக்கு நடுவே வழிப்புள்ளிகளைச் சேர்க்கவும் விரிதாளில் முதலிலேயே இடம் விடுவேன்.

அந்தக் கடைசி வேலையை மட்டும் நேற்றே செய்துவிட்டேன். ரஷ்யாவின் மேல் போகாமலிருக்க, ஹெல்சிங்கி வரிசையை உடைத்து நடுவே இரண்டு புள்ளிகளைச் செருகினேன்: வட துருவம், பிறகு ரஷ்யாவுக்கும் அலாஸ்காவுக்கும் நடுவே உள்ள பெரிங் ஜலசந்தி. ஹெல்சிங்கியிலிருந்து துருவம் 3,301 கி.மீ., துருவத்திலிருந்து பெரிங் 2,691, அங்கிருந்து நரிட்டா 4,660. மொத்தம் 10,652 கி.மீ. அதே 3 சதவீதம், அதே 900, ஏறி இறங்குவதற்கும் தரையில் நகர்வதற்கும் சேர்த்து அதே 48 நிமிடம். கட்டத்தில் 12 மணி 59 நிமிடம் என்று வந்தது.